அவசரத்தில் உறைந்த உலோகம்

முதல் உலோகக் கண்ணாடி ஒரு நாள்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. 1960இல் அமெரிக்காவின் கால்டெக் நிறுவனத்தில் போல் டுவெஸ் குழுவினர், உருகிய தங்கம்-சிலிக்கன் கலவையை விநாடிக்குச் சுமார் 10 லட்சம் டிகிரி வேகத்தில் குளிரவைத்தார்கள். படிகமாக அணிவகுக்க அணுக்களுக்கு நேரமில்லை. ஜன்னல் கண்ணாடியில் இருப்பதுபோலத் தாறுமாறாக உறைந்தன. ஆனால் 24 மணி நேரத்துக்குள், சாதாரண அறை வெப்பத்திலேயே உருமாறிவிட்டன.

அதன் வாரிசுகள் கெட்டிக்காரர்கள். இரும்பு, போரான், சிலிக்கன் கலந்த மெல்லிய ரிப்பன்கள் இன்று இந்தியாவிலும் டிரான்ஸ்பார்மர்களுக்குள் இருக்கின்றன. சிலிக்கன் எஃகில் ஆன உள்ளகத்தில் வீணாகும் மின்சாரத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் இவற்றில் வீணாகிறது.

எத்தனை காலம் தாங்கும்? படிகமாக மாற 500 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். டிரான்ஸ்பார்மர் அதை நெருங்குவதில்லை. சிக்கல், முதுமை. படிகமாகாமலே அணுக்கள் மெல்ல நகர்ந்து நெருக்கி உட்காருகின்றன. அடர்த்தி கூடுகிறது, வளைந்து கொடுத்தது நொறுங்கத் தொடங்குகிறது.

வேடிக்கை என்னவென்றால், தயாரிப்பாளர்களே ரிப்பனை உலையில் சூடேற்றி இந்த முதுமையை வரவழைக்கிறார்கள். உள்ளழுத்தம் தளர்ந்து காந்தத் திறன் மேம்படுகிறது. ஆனால் ரிப்பன் அப்பளமாகிவிடுகிறது. பழுதுபார்ப்பவர் பதமாகக் கையாள வேண்டும்.

முதுமையைத் திருப்பவும் வழியுண்டு. திரவ நைட்ரஜனில் முக்கி, மீண்டும் அறை வெப்பத்துக்குக் கொண்டுவந்து, இதையே பலமுறை செய்தால் சில உலோகக் கண்ணாடிகள் இளமை பெறுகின்றன என்று 2015இல் வெளியான ஆய்வு காட்டியது. வளைய வேண்டிய பாகங்களுக்கு அது வரம். டிரான்ஸ்பார்மருக்கோ முதுமையே லாபம்.