‘சிவாஜி’ படமும் பாரியின் மகள்களும்

ஜெஞ்சாரோம் – ஷங்கர் இயக்கிய ‘சிவாஜி’ 2007 ஜூன் 15-இல் திரைக்கு வந்தபோது பள்ளிப் பிள்ளைகளாக இருந்தவர்கள் பலர் இன்று பெற்றோர்கள். கோல லங்காட் தோட்டப்புற வீடுகளில் பண்டிகை நாள்களில் குடும்பமாக உட்கார்ந்து பார்க்கும் படம் அது. ரஜினி நாணயம் சுண்டுவதும் மொட்டைத் தலையில் தாளம் போடுவதும் இன்னும் சலிக்கவில்லை. ஆனால் பக்கத்தில் மகள் உட்கார்ந்திருக்கும்போது ஒரு காட்சி உறுத்துகிறது.

சாலமன் பாப்பையா தம் இரு மகள்களையும் கதாநாயகனுக்கு அறிமுகப்படுத்தும் காட்சிதான் அது. முகத்தில் கறுப்புப் பூச்சுடன் அவர்கள் வந்து நிற்க, அவர் மிரள்கிறார். நிறம்தான் சிரிப்பு. அவர்களின் பெயர் அங்கவை, சங்கவை. கறுப்பான மாணவிகள் பலருக்கு அதன்பின் வகுப்பில் அவையே பட்டப்பெயர்களாயின.

அந்தப் பெயர்கள் பறம்பு மலையை ஆண்ட பாரியின் மகள்களுக்கு உரியவை. மூவேந்தர் முற்றுகையில் தந்தையையும் குன்றையும் இழந்த துயரை அவர்கள் பாடியதாகப் புறநானூற்றின் 112-ஆம் பாடல் அறியப்படுகிறது. (பெயர்கள் பிற்கால ஔவையார் கதைகளில் வருபவை.) தந்தையின் நண்பர் கபிலர் அவர்களை மணமுடித்துவைக்க விச்சிக்கோன், இருங்கோவேள் ஆகியோரை நாடினார், இருவருமே ஏற்கவில்லை. திரையிலும் அவர்களை மறுக்கிறார்கள், இம்முறை தோலைப் பார்த்து. வசனம் எழுதிய சுஜாதா புறநானூற்றுக்கு எளிய அறிமுக நூல் எழுதியவர் என்பதுதான் வியப்பு.

கதாநாயகனும் தப்பவில்லை. காதலிக்காக அவர் சிவப்பழகுக்குப் படாதபாடு படுகிறார். ஒரு பாடலில் வெள்ளைக்காரப் பெண்ணின் தோல் நிறத்தைக் கணினி மூலம் ரஜினிக்குப் பொருத்தினார்கள். சிறந்த சிறப்புக் காட்சிகளுக்கான இந்திய தேசிய விருதும் படத்துக்குக் கிடைத்தது. ஆனால் தமிழர் கொண்டாடிய பெரிய நட்சத்திரமே கறுப்பர்தானே!

இத்தகைய படங்களை என்ன செய்வது? டிஸ்னி 2020-இல் ‘டம்போ’, ‘பீட்டர் பேன்’ படங்களை வெட்டவில்லை; இனங்களைத் தவறாகச் சித்திரிக்கும் பகுதிகள் உண்டு என்ற விரிவான அறிவிப்பைத் தொடக்கத்தில் சேர்த்தது. 1946-இல் வந்த ‘சாங் ஆஃப் தி சவுத்’ படத்தை மட்டும் தன் இணையத் தளத்தில் ஏற்றவே இல்லை. இந்தியாவில் அதே ஆண்டு ‘ஃபேர் அண்ட் லவ்லி’ களிம்பு ‘குளோ அண்ட் லவ்லி’ ஆனது.

‘சிவாஜி’யைப் பூட்டிவைக்கத் தேவையில்லை. அந்த இடத்தில் படத்தை நிறுத்தி, அங்கவை யார் என்று பிள்ளைக்குச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். பிறகு மொட்டை பாஸ் வரும்வரை தாராளமாகப் பார்க்கலாம்.