சூசைக்கு மறுக்கப்பட்ட பெட்டிக்கடை: உழைப்பு குறித்த கிறித்தவப் பார்வையும் சாதியும்

மே 1ஆம் நாள் கத்தோலிக்கத் திருச்சபையில் தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாள். திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1955இல் அதனை நிறுவினார். தச்சரான சூசையப்பரை முன்னிறுத்தி, எல்லா உழைப்பும் புனிதமே என்று அன்று மறையுரை ஆற்றப்படுவதைக் கேட்டிருக்கிறோம். சாதியச் சமூகத்தில் இக்கூற்றின் பொருள், அது யாரிடம் சொல்லப்படுகிறது என்பதைப் பொறுத்தே அமைகிறது. பட்டாபிராமில் 2024 நவம்பரில் திறக்கப்பட்ட டைடல் பூங்காவில் பணியாற்றும் பொறியாளருக்கு அது ஊக்கமூட்டும் சொல். அதே ஆவடி வட்டாரத்தில் புதைசாக்கடைக்குள் இறங்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கோ, ‘உன் இடத்திலேயே இரு’ என்னும் ஆணையாக அது சென்று சேரக்கூடும். 2024 ஆகஸ்டில் ஆவடியில் அவ்வாறு இறங்கிய ஒருவர் நச்சுவாயு தாக்கி இறந்தார்.

மறைநூல் கூறுவது வேறு. ஆதியாகமத்தில், தவறிழைக்கும் முன்பே மனிதர் ஏதேன் தோட்டத்தைப் பண்படுத்தவும் காக்கவும் அமர்த்தப்படுகின்றனர். ஆகவே உழைப்பு தண்டனையன்று. நெற்றி வியர்வையும் முள்ளும் பின்னர் வந்தவை. யாத்திராகமத்திலோ, வைக்கோல் தராமலே செங்கல் அறுக்கப் பணிக்கும் பார்வோனிடமிருந்து அடிமைகளைக் கடவுள் வெளியே அழைத்துவருகிறார். (செங்கல் சூளைகளும் கொத்தடிமை முறையும் திருவள்ளூர் மாவட்டத்தவர் அறியாதவை அல்ல.) அந்தச் செங்கற்களுக்கிடையே நின்று உழைப்பின் மாண்பை அவர் அவர்களுக்குப் போதிக்கவில்லை. ஓய்வுநாளுக்கு உபாகமம் காட்டும் காரணமும் இதுவே: நீ அடிமையாயிருந்ததை நினை, உன் வேலையாட்களும் உன்னைப்போல் இளைப்பாறட்டும் என்கிறது.

அப்போஸ்தலர் நடபடிகளில் பேதுரு, யோப்பா பட்டினத்தில் தோல் பதனிடும் சீமோனின் வீட்டில் பல நாள் தங்குகிறார். செத்த விலங்கைத் தொடும் அத்தொழில் யூதச் சமூகத்தில் தீட்டுக்குரியதாகக் கருதப்பட்டது. கடவுள் தூய்மையாக்கியதைத் தீட்டென்று சொல்லாதே என்னும் காட்சி பேதுருவுக்குக் கிடைத்ததும் அந்த வீட்டு மாடியில்தான். நம் பங்குகளில் இப்பகுதி உணவு விலக்கோடு நிறுத்தப்படுவது நமக்கு வியப்பளிக்கிறது.

அழைக்கப்பட்ட நிலையிலேயே நிலைத்திருக்கச் சொல்லும் பவுலின் அறிவுரையைச் சிலர் எதிர்வாதமாக வைப்பர். குலத்தொழிலுக்கு அது வசதியான மேற்கோள். ஆயினும் அடுத்த வசனத்திலேயே, விடுதலை பெற வாய்ப்பிருந்தால் பயன்படுத்திக்கொள் என்று அடிமையிடம் பவுல் கூறுகிறார்.

சாதி, வேலைகளைப் பிரிப்பதோடு வேலை செய்வோரையும் படிநிலையாகப் பிரிக்கிறது என்று அண்ணல் அம்பேத்கர் 1936இல் ‘சாதி ஒழிப்பு’ நூலில் நிறுவினார். செய்யும் தொழிலைக் கொண்டு மனிதரை அளக்கும் முறை அது. இரண்டாம் யோவான் பவுல் 1981இல் உழைப்பைப் பற்றி வெளியிட்ட சுற்றுமடல் இதனைத் தலைகீழாக்குகிறது. உழைப்பவர் மனிதர் என்பதே உழைப்பின் மதிப்புக்கு அடிப்படை. உழைப்பு மனிதருக்காகவே உள்ளது என்கிறது அம்மடல்.

அடுத்த ஆண்டே சென்னைத் தெருவோரத்தில் இதற்கு ஒரு சோதனை வந்தது. சாலையோரச் செருப்புத் தொழிலாளர்களுக்கு இலவசப் பெட்டிக்கடை வழங்க 1982இல் தமிழ்நாடு அரசு ஆணையிட்டது. ஆதிதிராவிடரான சூசை அத்தொழிலையே செய்துவந்தார். ஆனால் அவர் கிறித்தவர்; கடை கிடைக்கவில்லை. தொழிலாளர்களின் பாதுகாவலரான புனிதரின் பெயரைத் தாங்கிய அத்தொழிலாளி, அரசமைப்புச் சட்டத்தின் 32ஆம் உறுப்பின்கீழ் உச்ச நீதிமன்றத்தை நாடினார். 1950ஆம் ஆண்டுப் பட்டியல் சாதிகள் ஆணை, தொடக்கத்தில் இந்துக்களையும் பின்னர் 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் ஏற்றது. கிறித்தவரையும் இசுலாமியரையும் இன்றளவும் ஏற்கவில்லை. 1985 செப்டம்பர் 30 அன்று மனு தள்ளுபடியானது. மதம் மாறிய பின்னும் சாதி இழிவு அதே கொடுமையோடு தொடர்கிறது என்பதற்குப் போதிய சான்று வைக்கப்படவில்லை என்றது நீதிமன்றம். தெருவோரத்தில் தைத்துக்கொண்டிருந்த கைகளே சான்று என்பது நம் கருத்து. ஞானஸ்நானம் அவர் தொழிலை மாற்றவில்லை. தொழிலோடு ஒட்டிய இழிவையும் மாற்றவில்லை.

இன்றைய நிலையைப் பார்ப்போம். மனிதக் கழிவகற்றும் பணியைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் தொழிலாளியின் மதத்தைக் கேட்பதில்லை. உரிய பாதுகாப்பின்றிச் சாக்கடையில் ஒருவரை இறக்குவது 7ஆம் பிரிவின்படி குற்றம். முதல் முறைக்கு ஈராண்டு வரை சிறை, 2 இலட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சாக்கடை மரணங்களுக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2014இல் 10 இலட்சமாக நிர்ணயித்து, 2023 அக்டோபரில் 30 இலட்சமாக உயர்த்தியது. இவை கிறித்தவத் தொழிலாளிக்கும் உரியவை. ஆனால் பட்டியல் சாதியினரை இப்பணியில் ஈடுபடுத்துவதை வன்கொடுமையாக்கும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவு 3(1)(ஜே)-க்கு இணையான பாதுகாப்பு அவருக்கு இல்லை. ஒரே குழியில் இறங்கிய இருவரில் ஒருவருக்கு மட்டுமே அச்சட்டம் துணை நிற்கிறது.

ஆகவே இத்தகைய மரணம் நேரும்போது, முதல் தகவல் அறிக்கையில் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7, 9ஆம் பிரிவுகள் சேர்க்கப்பட்டுள்ளனவா என்று உடனே பார்க்க வேண்டும். ‘இறந்தவர் கிறித்தவர்’ என்று கூறி 30 இலட்சத்தை எந்த அதிகாரியும் மறுக்க இயலாது.