ஆறு பவுணில் ஆரம்பித்த கணனிப் பயணம்

"கணனி படிப்பதெல்லாம் ஆண் பிள்ளைகளுக்குத்தான் சரி. பெண் பிள்ளை ஓர் ஆசிரியையாகவோ லிகிதராகவோ போனால் போதும்" என்ற பேச்சை நம்மில் பலர் கேட்டிருப்போம். "கல்யாணம் முடித்த பின்னர் இந்தப் படிப்பால் என்ன பயன்?" என்று கேட்போரும் உள்ளனர். இக்கேள்விகளுக்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்னரே தன் வாழ்க்கையால் பதில் சொன்னவர் ஸ்டெபனி ஷேர்லி. பிரித்தானியாவின் கணனித் துறை முன்னோடிகளுள் ஒருவரான இவர், அந்நாட்டுக்கு வந்து சேர்ந்ததோ ஓர் அகதிச் சிறுமியாக.

புகையிரதத்தில் வந்த சிறுமி

1933 ஆம் ஆண்டு ஜேர்மனியின் டோர்ட்மண்ட் நகரில் இவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் வேரா புக்தால். தந்தை ஒரு நீதிபதி. யூதர் என்ற காரணத்தால் நாசிகளின் ஆட்சியில் அவர் பதவியை இழந்தார். குடும்பம் ஒஸ்திரியாவின் வியன்னாவுக்கு இடம்பெயர்ந்தது. ஆனால், 1938 இல் ஒஸ்திரியாவும் ஜேர்மனியுடன் இணைக்கப்பட, அங்கும் பாதுகாப்பு இல்லாமற் போயிற்று.

அந்நாட்களில் சுமார் 10,000 சிறுவர்கள் பெற்றோரைப் பிரிந்து புகையிரதங்களில் பிரித்தானியாவுக்கு அனுப்பப்பட்டனர். 1939 இல் வேராவும் அவ்வாறே அனுப்பப்பட்டார். அப்போது அவருக்கு 5 வயது. துணைக்கு வந்த அக்காவுக்கு 9 வயது. முன்பின் அறியாத ஓர் ஆங்கிலேயத் தம்பதியர் இருவரையும் தம் பிள்ளைகளாக வளர்த்தனர். பெற்றோர் பின்னர் உயிருடன் கிடைத்தார்கள். எனினும், அறுந்த பாசம் பழையபடி ஒட்டவேயில்லை என்று அவர் பிற்காலத்தில் கூறியிருக்கிறார். யுத்தத்தையும் இடப்பெயர்வையும் கண்ட நமக்கு இந்தத் துயரத்தை விளக்கத் தேவையில்லை.

காப்பாற்றப்பட்ட இந்த உயிர் அதற்குத் தகுதியானதாக இருக்க வேண்டும், ஒரு நாளையும் வீணாக்கக் கூடாது என்ற எண்ணம் அந்தச் சிறு வயதிலேயே அவர் மனதில் பதிந்தது.

பாடசாலையில் இல்லாத பாடம்

கன்னியாஸ்திரிகள் நடத்திய பாடசாலையில் படிக்கும்போதே அவரது கணிதத் திறமையை ஆசிரியைகள் இனங்கண்டார்கள். ஆனால், பின்னர் சேர்ந்த ஒஸ்வெஸ்ட்ரி பெண்கள் பாடசாலையில் அவருக்குத் தேவையான கணிதம் கற்பிக்கப்படவில்லை. பெண் பிள்ளைகளுக்கு அது அவசியம் என்று அக்காலத்தில் எவரும் நினைக்கவில்லை போலும். அவர் விடவில்லை. அனுமதி பெற்று, அருகிலிருந்த ஆண்கள் பாடசாலைக்குச் சென்று கணித வகுப்பில் அமர்ந்தார்.

பல்கலைக்கழகத்தில் தம்மைப் போன்ற பெண்களுக்குக் கிடைத்த ஒரே விஞ்ஞானப் பாடம் தாவரவியல்தான் என்பதால், அவர் அங்கு செல்லாமல் வேலைக்குப் போனார். லண்டன் டொலிஸ் ஹில்லில் இருந்த தபால் திணைக்கள ஆராய்ச்சி நிலையத்தில் இடம் கிடைத்தது. இரண்டாம் உலகப் போரின்போது ஜேர்மனியரின் இரகசியச் செய்திகளை உடைக்க உதவிய கொலோசஸ் என்ற கணனி உருவாகியது இங்கேதான். பகலில் வேலை, மாலையில் வகுப்பு என்று 6 வருடங்கள் படித்துக் கணிதத்தில் சிறப்புப் பட்டம் பெற்றார். கணனிக்கு நிரல் எழுதும் கலையையும் வேலையினூடாகவே கற்றுக்கொண்டார்.

ஸ்டெபனி 'ஸ்டீவ்' ஆன கதை

1959 இல் திருமணமானது. ஆற்றல் இருந்தும் பெண் என்பதால் பதவி உயர்வுக்கான கதவுகள் அடைக்கப்படுவதை உணர்ந்த அவர், 1962 இல் வேலையை விட்டு விலகினார். கையிலிருந்த 6 பவுணுடன், வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மென்பொருள் நிறுவனம் ஒன்றை ஆரம்பித்தார். கணனியோடு மென்பொருள் இலவசமாகக் கிடைத்த காலம் அது. அதைத் தனியே விற்பதா என்று பலரும் சிரித்தார்கள்.

வேலை கேட்டு அவர் அனுப்பிய கடிதங்களுக்குப் பதில் வரவில்லை. 'ஸ்டெபனி' என்பதற்குப் பதிலாக 'ஸ்டீவ்' என்று கையெழுத்திட்டுப் பார்க்கும்படி கணவர் யோசனை சொன்னார். ஆணின் பெயரைக் கண்டதும் பதில்கள் வரத் தொடங்கின!

பிள்ளை பெற்றதால் வேலையை விட்ட, கணனி அறிவுள்ள பெண்களையே அவர் தேடித் தேடிச் சேர்த்தார். முதல் 300 ஊழியர்களில் 297 பேர் பெண்கள். அவர்கள் வீட்டிலிருந்தே வேலை செய்தார்கள். கணனி ஒரு பெரிய அறை அளவுக்கு இருந்த காலத்தில் இது எப்படி முடிந்தது? பென்சிலால் தாளில் நிரலை எழுதுவார்கள். அது தபாலில் போகும். பின்னர் அட்டைகளில் துளையிட்டுக் கணனிக்குக் கொடுக்கப்படும். குழந்தையின் அழுகை தொலைபேசியில் கேட்காதிருக்க, தட்டச்சு ஓசையை நாடாவில் பதிவு செய்து ஷேர்லி பின்னணியில் ஒலிக்க விடுவாராம். ஒலியை விட வேகமாகப் பறந்த கொன்கோர்ட் விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கான நிரலையும் இந்தப் பெண்களே வீட்டிலிருந்து எழுதினார்கள்.

1975 இல் ஆண், பெண் பாகுபாட்டைத் தடை செய்யும் சட்டம் பிரித்தானியாவில் வந்தது. அதன்படி இவரது நிறுவனம் ஆண்களையும் சேர்க்க வேண்டியதாயிற்று என்பது வேடிக்கைதான். பிற்காலத்தில் நிறுவனத்தின் பங்குகளை ஊழியர்களுக்கும் பகிர்ந்தளித்தார். அதனால் செல்வந்தர்களானோர் பலர்.

தாயின் சுமை

வெளியே வெற்றிகள் குவிந்தாலும், வீட்டில் பெரும் சோதனை இருந்தது. ஒரே மகன் ஜைல்ஸ் கடுமையான ஓட்டிசம் குறைபாடு உள்ளவர். பேசத் தொடங்கியிருந்த சொற்களையும் இரண்டரை வயதளவில் இழந்துவிட்டார். வேலையும் மகனின் பராமரிப்பும் சேர்ந்து நெருக்கியதில், ஷேர்லியே உடைந்துபோய் வைத்தியசாலையில் இருக்க நேரிட்டது. 1998 இல், 35 ஆவது வயதில் மகன் காலமானார். அத்துயரத்தில் அவர் முடங்கிவிடவில்லை. தம் செல்வத்தின் பெரும் பகுதியை ஓட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கான பாடசாலைக்கும் ஆராய்ச்சிக்கும் வழங்கினார். 2000 இல் 'டேம்' என்ற கௌரவப் பட்டம் அவருக்குக் கிடைத்தது. 2025 ஓகஸ்டில், தமது 91 ஆவது வயதில் அவர் மறைந்தார்.

தாய்மாரின் சிந்தனைக்கு

இந்த வாழ்க்கையில் நமக்குச் சில படிப்பினைகள் உள்ளன. உங்கள் மகளுக்குக் கணிதம் பிடிக்கிறதா? "அது கஷ்டம், கலைப்பிரிவுக்குப் போ" என்று அவசரப்பட்டுத் திருப்பி விடாதீர்கள். அவளது பாடசாலையில் அந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லையென்றால், வேறு எங்கு படிக்கலாம் என்று தேடுங்கள். பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை என்பதோடு எல்லாம் முடிந்துவிடுவதில்லை. தொழில் செய்துகொண்டே கற்கலாம், வெளிவாரியாகவும் பட்டம் பெறலாம்.

திருமணத்துடன் படிப்பை மூட்டை கட்டி வைத்த சகோதரிகளே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. ஷேர்லி தேடிச் சேர்த்தது உங்களைப் போன்றவர்களையே. அன்று அவர்களுக்குக் கிடைத்தவை ஒரு பென்சிலும் தபால் பெட்டியும், முடிந்தால் ஒரு தொலைபேசியும்தான். இன்று பலரது கையில் அவற்றைவிட அதிகம் இருக்கிறது. நின்ற இடத்திலிருந்து மீண்டும் தொடங்கிப் பாருங்கள். வீட்டிலுள்ள ஆண்களும் அதற்குத் தோள் கொடுக்கட்டும்.