கார் டயரும் அத்தானின் ஸ்கூட்டரும்

பலெர்மோவில் இருந்து கிழக்கே பதினைந்து கிலோமீட்டர் அளவில் இருக்கிற ஊர் பகேரியா. ‘சினிமா பரடிசோ’ எடுத்த இயக்குநர் ஜியுசெப்பே தொர்னத்தோரே பிறந்த ஊர். பூதச் சிலைகள் மதில் மேல் வரிசையாக நிற்கும் வில்லா பலகோனியாவைப் பார்க்க வெளிநாட்டவர் வருவார்கள். நான் போவது அக்கா வீட்டுக்கு.

அத்தானுக்கு பலெர்மோவில் உணவகக் குசினியில் வேலை. வேலை முடிய நள்ளிரவு தாண்டிவிடும். அந்த நேரத்துக்கு ரயிலை நம்ப முடியாது. ஆகவே அவருடைய உயிர்நாடி ஒரு பழைய 650 சிசி பெரிய ஸ்கூட்டர். வில்லபாத்தே, ஃபிக்கராத்சி வழியாகத் தினமும் போய் வருவார். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மொந்தே பெல்லெகிரினோ மலைக்குப் போவார். பலெர்மோத் தமிழர் சைவம், வேதம் என்ற பேதம் பார்க்காமல் சாந்தா ரொசாலியாவைக் கும்பிடப் போகிற மலை அது. மேலே ஏறும் பாதை முழுக்கக் கொண்டை ஊசி வளைவுகள்.

இந்த முறை லீவுக்குப் போனபோது கராஜுக்குள் ஒரு புது டயர் கிடந்தது. கார் டயர்.

“தம்பி, இஞ்ச வந்து பார். ஸ்கூட்டருக்குப் பின் டயர் மாத்தப் போறன். நீ இருக்கிற நேரத்தில செய்தா கை உதவியா இருக்கும்.”

“அத்தான், இது கார் டயர் எல்லோ?”

“ஓம். 14 இஞ்சி எண்டா 14 இஞ்சிதானே? பாதி விலை, ரெண்டு மடங்கு ஓடும். அமெரிக்காவில வெள்ளைக்காரர் எல்லாம் போடுறாங்கள். வீடியோ காட்டட்டே?”

அவர் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் இந்தக் கதையில் உள்ள சிக்கல்.

எண்கள் சொல்வது

ஸ்கூட்டரின் பின் டயர் அளவு 160/60 ஆர் 14. அத்தான் வாங்கி வைத்திருந்தது 165/60 ஆர் 14. முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது எண், அந்த அகலத்தில் எத்தனை வீதம் பக்கச்சுவரின் உயரம் என்பது. கடைசி எண் ரிம்மின் விட்டம், அங்குலத்தில். கணக்குப் போட்டுப் பார்த்தேன். பழைய டயரின் முழு விட்டம் 548 மில்லிமீட்டர், புதியது 554. ஆறு மில்லிமீட்டர்தான் வித்தியாசம். தாங்கும் எடையிலோ கார் டயருக்குத்தான் வெற்றி. பழைய டயரின் சுமைக் குறியீடு 65, அதாவது 290 கிலோ. கார் டயருக்கு 75, அதாவது 387 கிலோ.

அமெரிக்காவில் ஹொண்டா கோல்ட்விங் போன்ற பாரமான மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்களில் ஒரு கூட்டம் இதைப் பல வருடங்களாகச் செய்கிறது. தங்களை ‘டார்க்சைடர்கள்’ என்று சொல்லிக்கொள்வார்கள். ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் வரும் இருண்ட பக்கத்துக்குப் போனவர்கள் என்று பகிடி. கோல்ட்விங் 1800இன் 180/60 ஆர் 16 பின் டயரைக் கழற்றிவிட்டு, 195/55 ஆர் 16 கார் டயரைப் பூட்டுவார்கள். பெரிய மோட்டார் சைக்கிளின் பின் டயர் பதினையாயிரம் கிலோமீட்டர் ஓடினால் பெரிய விஷயம். கார் டயர் அதைப் போல இரண்டு மூன்று மடங்கு ஓடும். நேர் ரோட்டில் நாள் முழுக்க ஓடுகிறவனுக்கு அது பெரிய காசு.

அப்படியானால் என்ன பிரச்சினை? நான் கொம்பியூட்டர் வேலை செய்கிறவன், டயர் எஞ்சினியர் இல்லை. ஆனால் இரண்டு பொருளின் எண்கள் பொருந்துவதால் மட்டும் அவை பொருந்திவிடாது என்பது எங்கள் வேலையிலும் முதல் பாடம்.

சாய்கிற வண்டி, சாயாத வண்டி

கார் வளைவில் திரும்பும்போது நான்கு சில்லும் கிட்டத்தட்ட நிமிர்ந்தபடியே இருக்கும். அதனால் கார் டயரின் அடிப்பாகம் தட்டை, சப்பாத்தின் அடி மாதிரி. மோட்டார் சைக்கிள் திரும்புவதற்குச் சாய வேண்டும். அதனால் அதன் டயர் குறுக்குவெட்டில் உருண்டை. எவ்வளவு சாய்ந்தாலும் ரோட்டில் ஏறக்குறைய ஒரே அளவு ரப்பர் பட்டுக்கொண்டிருக்கும்.

எவ்வளவு சாய வேண்டும்? வேகத்தின் வர்க்கத்தை, வளைவின் ஆரத்தாலும் புவியீர்ப்பாலும் பிரிக்கிற பள்ளிக்கூடக் கணக்குத்தான். 20 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவில் மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் போனால் சாய்வு 27 பாகை. இது ரேஸ் ஓட்டம் இல்லை, அக்காவைப் பின்னால் வைத்துக்கொண்டு மலை ஏறுகிற வேகம். 27 பாகையில் ஒரு தட்டை டயரை நிறுத்திப் பாருங்கள். நடுப்பகுதி ரோட்டை விட்டு எழும்பிவிடும். உள்பக்க ஓரமும் மடங்குகிற பக்கச்சுவரும்தான் முழுப் பாரத்தையும் தாங்கும்.

தட்டை டயருக்குச் சாயவும் விருப்பமில்லை, நிமிர்த்தத்தான் பார்க்கும். ஓட்டுகிறவர் வளைவு முழுக்க ஹாண்டிலை அமர்த்திப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். பழகிவிடும் என்று டார்க்சைடர்கள் சொல்வார்கள். பழகலாம்தான். ஆனால் ரோட்டில் ஒரு பள்ளம், ஒட்டுப்போட்ட தார், ஒரு பக்கச் சரிவு வந்தால், உருண்டை டயர் உருண்டு போகும் இடத்தில் தட்டை டயர் வண்டியை ஒரு பக்கம் தள்ளும். முன் டயர் ஒன்று சொல்ல, பின் டயர் வேறொன்று சொல்லும். சிசிலி ரோட்டுகளைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. நாலு மாத வெயிலுக்குப் பிறகு விழுகிற முதல் மழையில் அந்த ரோட்டுகள் சவர்க்காரம் பூசின மாதிரி இருக்கும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. பக்கத்தில் சைட்கார் பூட்டிய மோட்டார் சைக்கிளில் பின்னுக்குக் கார் டயர் போடுவது வழமை. ஏனென்றால் மூன்று சில்லில் நிற்கிற அந்த வண்டி சாய்வதே இல்லை. ஆக, கார் டயர் கெட்ட டயர் இல்லை. சாயாத வண்டிக்கு நல்ல டயர்.

மண்ணெண்ணெய் காலம்

இதையெல்லாம் நான் அன்றைக்குக் கோர்வையாகச் சொல்லவில்லை. சொல்லத் தொடங்க, அத்தான் ஒரே வசனத்தில் முடித்துவிட்டார்.

“மண்ணெண்ணெயில மோட்டார் சைக்கிள் ஓடின ஆக்கள் நாங்கள். இதென்ன பெரிய வேலையே?”

உண்மை. 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை. பெற்றோல் இல்லை. பழைய ஏ40 கார்களும் மோட்டார் சைக்கிள்களும் கொஞ்சப் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடின. சைக்கிளைச் சுற்றி டைனமோவில் ரேடியோ கேட்ட காலம் அது. அந்தக் கைகளுக்கு முன்னால் என்னுடைய மாஸ்டர்ஸ் பட்டம் என்ன பேச? நான் மேசனைப் போல ஸ்பானரைத் தூக்கிக்கொடுத்தேன்.

சைலன்சரைக் கழற்றி, சில்லை எடுத்து, பழைய டயரை உரித்தது வரைக்கும் அத்தான் செய்தது சுத்தமான வேலை. கார் டயருக்குச் சவர்க்காரத் தண்ணி பூசி, இரண்டு லீவரால் ரிம்முக்குள் ஏற்றினார். கொம்பிரசரைப் போட்டார். ஒரு பக்கம் ‘டப்’ என்று உட்கார்ந்தது. மற்றப் பக்கம் உட்காரவில்லை.

டயரின் உள் ஓரத்தில் பீட் என்கிற கம்பி வளையம் இருக்கிறது. காற்று அடிக்க அடிக்க அது ரிம்மின் விளிம்புக்கு நகர்ந்து இறுகிப் பிடிக்க வேண்டும். கார் ரிம்மின் விளிம்பு ஜே என்ற வடிவம், மோட்டார் சைக்கிள் ரிம்மின் விளிம்பு எம்டி என்ற வடிவம். விட்டம் 14 என்று இரண்டிலும் எழுதியிருந்தாலும், பீட் உட்காரும் படியும் விளிம்பின் வளைவும் ஒன்றல்ல. அத்தானின் பழைய டயரிலேயே அளவுக்குப் பக்கத்தில் எம்/சி என்ற இரண்டு எழுத்து இருந்தது. இது மோட்டார் சைக்கிள் டயர், கார் டயரோடு குழப்பாதே என்பதுதான் அதன் அர்த்தம். நாங்கள் இருவருமே அதைக் கவனிக்கவில்லை.

மானி 2.7 பாரில் நின்றது. பீட் உட்கார வைக்க 40 பிஎஸ்ஐக்கு மேல், அதாவது 2.75 பாருக்கு மேல் போகக்கூடாது என்பது டயர்க்காரரின் பொதுவான எச்சரிக்கை.

“வீடியோவில அஞ்சு பார் வரைக்கும் அடிச்சவங்கள். கொஞ்சம் தள்ளி நில்லு.”

தள்ளி நில் என்று அவர் சொன்னதுதான் என்னை நிறுத்தியது. அவருக்கும் பயம் இருக்கிறது. மனதுக்குள் கணக்குப் போட்டேன். அந்த டயரின் ஒரு பக்கச்சுவரின் பரப்பு ஏறக்குறைய 1250 சதுர சென்டிமீட்டர். ஐந்து பார் காற்று அந்த ஒரு பக்கத்தில் மட்டும் ஆறு தொன்னுக்கு மேல் தள்ளும். ரிம் வெடித்தாலோ பீட் கம்பி அறுந்தாலோ அந்த ஆறு தொன்னும் கராஜுக்குள்தான் வரும்.

அந்த நேரம் பார்த்து அக்கா வாசலில் வந்து நின்றா.

“இஞ்சாருங்கோ, தேத்தண்ணி ஆறுது. என்ன செய்யிறியள் ரெண்டு பேரும்?”

நான் கொம்பிரசரின் பிளக்கைக் கழற்றினேன்.

“அத்தான், இது உட்கார்ந்தாலும் ஞாயிற்றுக்கிழமை மலையில பின்னுக்கு இருக்கப் போறது அக்கா.”

அவர் ஒன்றும் சொல்லவில்லை. தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு, “அண்டைக்கு எங்களுக்கு வேற வழி இருக்கேல்லை” என்றார். பிறகு வால்வைத் திறந்து காற்றை விட்டார்.

லிப்ரெத்தோவில் என்ன எழுதியிருக்கிறது?

அன்று மாலை வாகனப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தோம். இத்தாலியில் எந்த அளவு டயர் போடலாம் என்று அதிலேயே எழுதியிருக்கும். அதற்கு வெளியே போவது நெடுஞ்சாலைச் சட்டத்தின் 78ஆம் பிரிவின்படி அனுமதி பெறாத மாற்றம். ஐரோப்பாவில் கார் டயருக்கு ஐ.நா.வின் 30ஆம் இலக்க ஒழுங்குவிதி, மோட்டார் சைக்கிள் டயருக்கு 75ஆம் இலக்கம். இரண்டும் வெவ்வேறு சோதனைகள்.

புது வண்டிக்கு நான்கு வருடத்திலும், பிறகு இரண்டு வருடத்துக்கு ஒரு தடவையும் வருகிற ரெவிசியோனேயில் பிடிபடலாம். அதைவிடப் பெரிய பயம் காப்புறுதி. விபத்து நடந்தால் எதிராளிக்குக் காப்புறுதி நிறுவனம் நட்டஈடு கொடுக்கும். பிறகு வண்டி விதிப்படி இல்லை என்று அந்தக் காசை எங்களிடமே திரும்பக் கேட்கிற ரிவால்சா உரிமை பல ஒப்பந்தங்களில் உண்டு. உங்கள் ஒப்பந்தத்தில் அந்தச் சொல் எங்கே இருக்கிறது என்று ஒருமுறை தேடிப் பாருங்கள். ஜெர்மனியில் இருப்பவர்களுக்கு, பதிவில்லாத மாற்றத்தால் வாகனத்தின் அனுமதியே செல்லாமல் போகலாம். ஒரு டயரில் மிச்சம் பிடிக்கிற எழுபது எண்பது யூரோவுக்கு, ஒரு குடும்பத்தின் பத்து வருடச் சேமிப்பைப் பணயம் வைக்கிற கணக்கு இது.

டார்க்சைடர்களின் வீடியோக்களைப் பற்றியும் ஒன்று. ஐம்பதாயிரம் கிலோமீட்டர் ஓடினேன், ஒன்றும் ஆகவில்லை என்று சொல்கிறவர் உண்மையைத்தான் சொல்கிறார். விழுந்தவர் வீடியோ போடுவதில்லை. டன்லப் போன்ற மோட்டார் சைக்கிள் டயர் நிறுவனங்கள் கார் டயரைப் பூட்ட வேண்டாம் என்று தெளிவாகவே எழுதுகின்றன.

காசு மிச்சம் பிடிக்க வேறு வழி

அத்தானின் கைவேலைக்கு இடமில்லை என்று இல்லை. இப்போது அவர் செய்கிறது இதுதான்.

சில்லை வீட்டிலேயே கழற்றி, ரிம்மை மட்டும் டயர் கடைக்கு, அங்கத்தையச் சொல்லில் கொம்மிஸ்தாவிடம், கொண்டுபோகிறார். கழற்றிப் பூட்டும் கூலி மிச்சம். கடைக்காரர் மெஷினில் ஏற்றி, பலன்ஸ் பார்த்துத் தருவார்.

டயர் வாங்கும்போது நடுவில் கடின ரப்பரும் ஓரத்தில் மென்மையான ரப்பரும் உள்ள இரட்டைக் கலவை டயர் அவருடைய அளவில் உண்டா என்று கேட்கிறார். நேர் ரோட்டில் நடுப்பகுதி மெதுவாகத் தேயும், வளைவில் ஓரம் பிடிக்கும்.

இரண்டு கிழமைக்கு ஒருமுறை காலையில், டயர் குளிராக இருக்கும்போது காற்றைப் பார்க்கிறார். பின் டயர் சீக்கிரம் தேய்ந்ததற்குப் பாதிக் காரணம் காற்றுக் குறைவுதான் என்பது அப்போதுதான் தெரிந்தது. தவாளிப்பின் ஆழத்தையும் அளக்கிறார். இத்தாலியச் சட்டப்படி மோட்டார் சைக்கிளுக்குக் குறைந்தது 1 மில்லிமீட்டர் வேண்டும். காருக்கு 1.6. சட்டம் ஒன்று என்றாலும், மழைக்காலத்துக்கு முன்பே மாற்றுவது நல்லது.

போன கிழமை கோல் எடுத்தபோது கேட்டேன், அந்தக் கார் டயர் என்ன ஆச்சு என்று. கீழ்வீட்டு இத்தாலியக்காரருடைய சின்னக் காருக்கு அதே அளவாம். வாங்கின விலையில் பத்து யூரோ குறைத்துக் கொடுத்துவிட்டாராம்.

“அவற்ற காருக்கு நான்தான் பூட்டிக் குடுத்தனான்” என்றார் அத்தான். “ரெண்டு பாரிலயே டப்பெண்டு இருந்திட்டுது.”