பந்துக்கு முந்தும் பார்வை

ஐந்தருவியில் பொழியும் நீரை ஒரு நிமிஷ நேரம் ஓரிடத்திலேயே கண் பதித்து நோக்கிவிட்டு, உடனே பக்கத்துப் பாறையின்மேல் பார்வையைத் திருப்புவோருக்கு, அசையாத அப்பாறை மெல்ல மேல்நோக்கி ஊர்வதுபோலத் தோன்றும். 1834-இல் ராபர்ட் ஆடம்ஸ் என்பவர் ஸ்காத்லாந்தின் ஃபாயர்ஸ் அருவியில் கண்டு எழுதிய இவ்விந்தை, அசைவைக் கண் உள்ளபடியே படம்பிடித்துத் தருவதில்லை, மூளையே அதைக் கணித்து அமைக்கிறது என்பதற்குப் பிரத்தியட்சமான சாட்சியாகும்.

இக்கணிப்புக்கு நேரும் கடுமையான பரீட்சைகளில் ஒன்று டென்னிஸ். மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் புறப்படும் செர்வ் எதிராளியை அடைய ஏறக்குறைய அரை வினாடியே பிடிக்கும். கண்டதற்குக் கை அசையத் தொடங்குவதற்குள்ளாகவே அதில் ஐந்தில் ஒரு வினாடி கழிந்துவிட, எஞ்சிய க்ஷணத்துக்குள் நகர்ந்து, மட்டையை ஓங்கி, அடித்தும் ஆகவேண்டும். சாம்பியன்களின் நரம்புகளே அசாதாரண வேகமுடையவை என்று பலரும் எண்ணுகின்றனர். ஆனால், விளக்கு எரிந்ததும் பொத்தானை அழுத்தும் எளிய சோதனைகளில் அவர்களுக்கும் சாமானியருக்கும் பெரிய வித்தியாசம் தென்படுவதில்லை.

வித்தியாசமெல்லாம் அவர்கள் அவதானம் எங்கே செல்கிறது என்பதில் இருக்கிறது. ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் புரூஸ் அபெர்னெதி, இறகுப்பந்து ஆட்டத்தைத் திரையில் காட்டி, மட்டை பந்தைத் தொடும் தறுவாயிலேயே காட்சியை மறைத்து, பந்து எங்கே விழும் என்று வினவியபோது, புதியவர்கள் மட்டையின் போக்கை மட்டுமே நம்பினர். தேர்ந்தவர்களோ அதை ஏந்திய கையின் அசைவிலிருந்தும், அதாவது இன்னும் சற்று முன்பாகவே, விடையை அறிந்தனர். 1987-இல் வெளியான இம்முடிவு, ஆட்டக்காரர்களின் முன்னுணர்வை ஆராயும் துறைக்கே அஸ்திவாரம் என்பது என் அபிப்பிராயம். டென்னிஸில் பந்து புறப்பட்ட பின்னரும் தேர்ந்தவரின் கண் அதை விடாமல் பின்தொடர்வதில்லை. அது தரையில் பட்டு எழும் இடத்துக்கு முன்னதாகவே தாவிச் சென்று காத்திருக்கிறது.

இத்தகைய பார்வைக்கு டென்னிஸ் ஆட்டக்காரர்களிலேயே ஒரு சான்று உண்டு. தென்காசிக் குடும்பத்தில் பிறந்து, தந்தை டி. கே. ராமநாதனிடம் பயின்ற ராமநாதன் கிருஷ்ணன், 1954-இல் விம்பிள்டன் சிறுவர் பட்டத்தை வென்ற முதல் ஆசியராகி, 1960, 1961 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அங்கே அரையிறுதியை எட்டினார். பலத்த செர்வ் அவரிடம் இருந்ததில்லை; மிருதுவான தொடுகையும் காலமறிந்த நிதானமுமே அவருடைய ஆயுதங்கள். முன்னுணர்வு இல்லாதவருக்கு அந்த நிதானம் வாய்க்காது.

ஆகவே, குழந்தைகளுக்கு மட்டை பிடிக்கக் கற்பிக்கும் ஆசிரியர்கள், பந்தைப் பார் என்பதோடு நின்றுவிடாமல், எதிரே நிற்பவரின் தோளையும் முழங்கையையும் படிக்கும் அப்பியாசத்தை ஆரம்பத்திலிருந்தே அளிக்க வேண்டும்.