தங்கவயலின் பௌத்த சங்கம்: கிளை தலைமையான வரலாறு
சிறு சமயங்கள், பெரிய சங்கங்கள் – 9

கொச்சி யூதர்களைப் பற்றிய சென்ற வாரக் கட்டுரையில், மட்டாஞ்சேரியில் 1568-இல் எழுந்த பரதேசி ஜெபாலயத்தைச் சுற்றி ஒரு சிறு சமூகத்தின் பொதுவாழ்வு அமைந்திருந்ததும், அந்த ஜெபாலயத்துக்குள்ளேயே பிறப்பின் பெயரால் உயர்வு தாழ்வு பேணப்பட்டதும் கூறப்பட்டன. அங்கே சமூகம் முந்தியது, அதை ஆளும் அமைப்பு பிந்தியது. கோலார் தங்கவயலின் தமிழ்ப் பௌத்தரிடம் இந்த வரிசை தலைகீழாக இருந்தது. முதலில் சங்கம் தோன்றியது, அதில் சேர்ந்தவர்களே பின்னர் ஒரு சமயத்தாராக அறியப்பட்டனர்.

சங்கத்தின் பிறப்பிடம் தங்கவயல் அன்று, சென்னை இராயப்பேட்டை. சித்த மருத்துவரான அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914), அடையாற்றுப் பிரம்மஞான சபையின் தலைவர் கர்னல் ஆல்காட்டின் உதவியுடன் 1898-இல் கொழும்பு சென்று, மாளிகாகந்தையில் ஹிக்கடுவே சுமங்கல தேரரிடம் பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பினார். கொலை, களவு, முறையற்ற காமம், பொய், மது ஆகிய ஐந்தையும் விலக்குவதாக உறுதி கூறும் அந்தச் சடங்கே ஒருவர் பௌத்தராவதற்குரிய வாயில். அதே ஆண்டில் அவர் நிறுவிய சாக்கைய பௌத்த சங்கம், ‘சாக்கையர்’ என்ற புத்தரின் குலப்பெயரைத் தன் பெயராகத் தாங்கியது. பின்னாளில் அது தென்னிந்திய பௌத்த சங்கம் என்றே பெரிதும் வழங்கியது. 1907 ஜூன் 19 அன்று ‘ஒரு பைசாத் தமிழன்’ என்ற பெயரில் அயோத்திதாசர் தொடங்கி, மறு ஆண்டில் ‘தமிழன்’ என்று பெயர் சுருக்கிய வார இதழ் சங்கத்தின் குரலாயிற்று. திருப்பத்தூர், பெங்களூர், தங்கவயல், கடல் கடந்து இரங்கூன், தென்னாப்பிரிக்காவின் நேட்டால் எனத் தமிழ்த் தொழிலாளர் சென்ற வழியிலேயே கிளைகளும் சென்றன.

இவற்றுள் தங்கவயலின் மாரிக்குப்பம் கிளை மட்டும் ஏன் வேரூன்றித் தழைத்தது என்பதற்கு விடை, பண்டிதரின் புலமையைக் காட்டிலும் சுரங்கத்தின் ஏற்பாட்டில் இருக்கிறது. 1880 முதல் ஜான் டெய்லர் கம்பெனியின் நிர்வாகத்தில் வளர்ந்த சுரங்கங்களுக்கு வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து வந்து குவிந்தவர்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். பூமிக்கடியில் அவர்கள் பட்ட பாடும், பாறை வெடிப்பில் போன உயிர்களும், காண்டிராக்டரின் கெடுபிடியும் சிறியவை அல்ல. எனினும் ஊரில் ஆண்டையின் களத்தில் நெல்லாக அளக்கப்பட்ட கூலி இங்கே காசாகக் கிடைத்தது. கம்பெனி கட்டிய ‘லைன்’ எனப்படும் வரிசை வீடுகளில் ஒரே நிலையினர் நூற்றுக்கணக்கில் அடுத்தடுத்து வாழ்ந்தனர். கோயில் வாசலில் நிறுத்திவைக்கும் ஊர்க்கட்டுப்பாடு அங்கே பிடி தளர்ந்திருந்தது. சந்தா கட்டக் கையில் காசும், கூட்டம் கூட நடைதூரத்தில் ஆட்களும் இருந்தாலன்றிச் சங்கம் என்பது பெயர்ப்பலகைக்கு மேல் வளராது. மேலும், 1894-இல் போடப்பட்ட பவுரிங்பேட்டை (இன்றைய பங்காரப்பேட்டை)–மாரிக்குப்பம் இருப்புப்பாதை தங்கவயலை ஜோலார்ப்பேட்டை வழியாகச் சென்னையுடன் இணைத்ததால், இதழும் கடிதமும் சொற்பொழிவாளரும் தடையின்றி வந்து போயினர்.

எம்.ஒய். முருகேசர், இ. குருசாமி முதலியோர் முன்னின்று நடத்திய இக்கிளை, கூட்டம், சொற்பொழிவு, பள்ளி, புத்த பூர்ணிமை விழா ஆகியவற்றோடு நில்லாமல், பிறப்பு முதல் இறப்பு வரையிலான சடங்குகளைப் புரோகிதர் இன்றிப் பௌத்த முறையில் நடத்திவைத்தது. ஐயங்கள் எழுந்தபோது மாரிக்குப்பத்து அன்பர்கள் ‘தமிழ’னுக்கு எழுதிக் கேட்டனர், பண்டிதர் அச்சில் விடையளித்தார். பண்டிகைகளையும் அவர் விட்டுவைக்கவில்லை: தீபாவளி நரகாசுரனைக் கொன்ற நாள் அன்று, எள்ளிலிருந்து நெய் எடுக்கும் முறையைப் பௌத்த முனிவர்கள் கண்டறிந்து மக்களுக்கு அறிவித்த நாள் என்பது அவருடைய விளக்கம். வரலாற்றுச் சான்று கேட்பவரை இது நிறைவு செய்யாது. ஆனால் எண்ணெய் முழுக்கை விடாமலே புராணத்தை விட்டுவிட விரும்பிய ஒரு குடும்பத்துக்கு அது போதுமானதாக இருந்தது.

1914 மே 5 அன்று பண்டிதர் மறைந்தபின் இராயப்பேட்டைத் தலைமை தளர்ந்தது, இதழும் சிறிது காலத்தில் நின்றது. சங்கத்தின் தலைவராக அறியப்பட்ட பேராசிரியர் பி. லட்சுமி நரசு சென்னையில் இருந்தபோதும், இயக்கத்தின் அச்சும் விநியோகமும் தங்கவயலுக்கு இடம்பெயர்ந்தன. தங்கவயலின் சாம்பியன் ரீப்ஸ் பகுதியில் இயங்கிய சித்தார்த்த புத்தகசாலை பண்டிதரின் எழுத்துகளைச் சிறு நூல்களாக மீண்டும் மீண்டும் அச்சிட்டது. நின்றுபோன ‘தமிழன்’ 1926-இல் தங்கவயலிலிருந்தே மறுபிறப்பெடுத்து, ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு 1935 வரை வெளிவந்தது. காகிதத்தில் கிளையாகவே நீடித்த ஓர் அமைப்பு, நடைமுறையில் தலைமையகம் ஆனது இவ்வாறே.

இம்மாற்றத்தோடு சிந்தனையும் மாறியதைக் கவனிக்க வேண்டும். பறையர் எனப்பட்டோர் பண்டைய பௌத்தரே, சமயப் பகையால் தாழ்த்தப்பட்டனர் என்பது அயோத்திதாசரின் அடிப்படை வாதம். ஆகவே பௌத்தம் தழுவுவது அவருக்கு மதமாற்றம் அன்று, வீடு திரும்புதல். அறிவியல் பேராசிரியரான லட்சுமி நரசுவோ 1907-இல் வெளியிட்ட தம் ஆங்கில நூலில், ஆன்மாவையும் அற்புதங்களையும் ஒதுக்கிய பகுத்தறிவு நெறியாகப் பௌத்தத்தை முன்வைத்தார். அந்த நெறிக்குப் பூர்வீகம் தேவையில்லை. முதலாவது வாதம் பெருமிதம் தந்தது; இரண்டாவது பிற சாதியாருடன் பேச வழி தந்தது. அப்பாதுரையாரின் ‘தமிழன்’ இரண்டையும் விடாமல், பெரியாரின் சுயமரியாதை இயக்கத்தோடு நெருங்கியது. பின்னாளில் ‘புத்தர் அருளறம்’ என்ற நூலை எழுதியவரும் அவரே. இந்த நெருக்கத்துக்கு ஒரு விலையும் இருந்தது எனத் தோன்றுகிறது: மேடையில் பேச்சாளர் பெருகினர், அறம் கற்பிக்கும் துறவியர் பெருகவில்லை, அடுத்த தலைமுறையின் ஆர்வம் விகாரத்தைக் காட்டிலும் தொழிற்சங்கத்தையும் கட்சியையும் நாடியது.

லட்சுமி நரசுவின் நூலை 1948-இல் தம் முன்னுரையுடன் மறுபதிப்புச் செய்த அம்பேத்கர், 1956-இல் நாகபுரியில் பௌத்தம் தழுவுவதற்கு ஈராண்டு முன்னர் தங்கவயலுக்கு வந்தார். அவர் வழியில் அமைந்த இந்தியக் குடியரசுக் கட்சியின் வேட்பாளரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பிய தொகுதிகளுள் தங்கவயலும் ஒன்று. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டபின், லைன் வீடுகளின் இளைஞர்கள் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குச் செல்லத் தொடங்கினர். சுரங்கம் மூடப்படுவதற்கு ஈராண்டு முன்பு, 1999-இல், ஞான. அலாய்சியஸ் தொகுத்த ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்தது. பல்கலைக்கழகங்கள் அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் திரும்பிப் பாராத ‘தமிழன்’ இதழ்த் தாள்களைக் கட்டுக் கட்டாகக் காத்து வைத்திருந்தவர்கள், அன்பு பொன்னோவியம் போன்ற சங்க வழிவந்த அன்பர்களே.

(தொடரும்)