பெயர் ஒன்று, ஆள் பல!
ஆஸ்பத்திரிக் கணக்கைக் காக்கும் என்ஜினீயர்கள்

நாகூர் கடைத்தெருவில் நின்று, "ஷாகுல் ஹமீது!" என்று ஒரு குரல் கொடுத்துப் பாருங்கள். நாலு பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். "பாத்திமா!" என்று கூப்பிட்டால் இன்னும் அதிகம் பேர் திரும்புவார்கள்.

நாகூர் தர்காவில் அடங்கியிருக்கும் பெரியவரின் பெயர் ஷாகுல் ஹமீது. அந்தப் பெயரைப் பிள்ளைக்கு வைப்பது தலைமுறை தலைமுறையாக வரும் வழக்கம். நாகூர் மீரான், நாகூர் கனி என்று ஊர்ப் பெயரைச் சேர்த்து வைப்பவர்களும் உண்டு.

தெருவில் இதனால் தொல்லை இல்லை. மளிகைக்கடை ஹமீது, தையல்கார ஹமீது என்று அடையாளம் சொல்லிவிடலாம். ஆனால் ஆஸ்பத்திரியில்? ஒரு ஹமீதுக்குப் பென்சிலின் ஊசி ஒத்துக்கொள்ளாது. இன்னொரு ஹமீதுக்கு ஒத்துக்கொள்ளும். ஒருவருடைய குறிப்பு மற்றவருடைய சீட்டில் ஏறிவிட்டால், உயிருக்கே ஆபத்து!

இந்த ஆபத்து வராமல் காப்பதற்கென்றே ஒரு புதிய தொழில் வந்திருக்கிறது. அதைச் செய்பவருக்கு 'டேட்டா என்ஜினீயர்' என்று பெயர். தமிழில் தரவுப் பொறியாளர்.

அது என்ன வேலை?

மேட்டூரில் திறந்த காவிரித் தண்ணீர், ஆறு, வாய்க்கால் எல்லாம் கடந்து, கடைசியாக நாகப்பட்டினம் மாவட்டத்துக்கு வருகிறது. அதனால்தான் இதைக் கடைமடை என்கிறோம். வழியில் கரை உடைந்தாலும், மதகு அடைத்துக் கொண்டாலும், கடைமடை வயல் காய்ந்து போகும்.

சுகாதாரக் கணக்கு இதற்கு நேர் எதிராக ஓடுகிறது. அது கடைமடையில் தொடங்கி மேலே போகிறது. கிராம சுகாதார நர்சு ஒரு கர்ப்பிணியின் எடை, ரத்த அழுத்தம், ரத்தத்தின் அளவு எல்லாவற்றையும் பதிவு செய்கிறார். அது மாவட்டத்துக்குப் போகிறது, சென்னைக்குப் போகிறது, டில்லிக்கும் போகிறது. அந்த வாய்க்காலை வெட்டுவதும், கரை உடையாமல் காப்பதும், குப்பையை வாரி எறிவதும் டேட்டா என்ஜினீயரின் வேலை.

குப்பை என்றால் என்ன? 55 கிலோ என்று எழுத வேண்டிய இடத்தில் 550 என்று விழுந்திருக்கும். பிரசவத் தேதி, கர்ப்பம் பதிவான தேதிக்கு முன்னால் இருக்கும். இப்படிப்பட்ட கணக்கை உள்ளே விடாமல் தடுக்கும் கட்டளைகளைக் கம்ப்யூட்டருக்கு எழுதிக் கொடுப்பவர் அவர்தான்.

தாய் வீட்டுக்குப் போகும் பெண்

பாத்திமா என்று ஒரு பெண் இருப்பதாக வைத்துக் கொள்வோம். நாகூரில் வாழ்க்கைப்பட்டவள். தலைப்பிரசவத்துக்குத் திருவாரூரில் உள்ள தாய் வீட்டுக்குப் போகிறாள். நாகூரில் பார்த்தபோது அவளுக்கு ரத்த அழுத்தம் அதிகமாக இருந்தது. நர்சு அதைப் பதிவு செய்து வைத்திருக்கிறார்.

திருவாரூரில் நள்ளிரவில் வலி எடுக்கிறது. அங்கே உள்ள டாக்டருக்கு அந்தக் குறிப்பு தெரிய வேண்டாமா? தெரிந்தால் உடனே தக்க ஏற்பாடு செய்வார். தெரியாவிட்டால், முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இதற்காகவே தமிழ்நாட்டில் 2008-ம் ஆண்டு 'பிக்மி' என்ற கம்ப்யூட்டர் பதிவு முறை வந்தது. கர்ப்பிணி ஒவ்வொருவருக்கும் 12 இலக்க எண் கிடைக்கிறது. அவள் எந்த ஊருக்குப் போனாலும் அந்த எண்ணும் கூடவே போகும். 2017 முதல் குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் இந்த எண்ணைக் கேட்கிறார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் தொகைக்கும் இந்தப் பதிவு தேவை.

ஆனால், பாத்திமாவுக்கு நாகூரில் ஒரு பதிவு, திருவாரூரில் இன்னொரு பதிவு என்று இரண்டு விழுந்துவிட்டால்? உதவித் தொகை சிக்கிக்கொள்ளும். அதைவிட மோசம், ரத்த அழுத்தக் குறிப்பு ஒரு பதிவில் இருக்கும். டாக்டர் பார்ப்பது மற்றொரு பதிவாக இருக்கும்!

ஹமீதா, அமீதா?

இரண்டு பதிவும் ஒரே ஆளுடையதுதானா என்று கண்டுபிடிப்பது பழைய சிக்கல். 1918-ம் ஆண்டிலேயே அமெரிக்காவில் ராபர்ட் ரஸ்ஸல் என்பவர் 'சவுண்டெக்ஸ்' என்ற முறைக்குக் காப்புரிமை பெற்றார். பெயரின் முதல் எழுத்தை வைத்துக் கொண்டு, மற்ற எழுத்துகளை ஒலிக்குத் தக்கபடி எண்களாக மாற்றும் முறை அது. எழுத்து வேறுபட்டாலும், ஒலி ஒன்றாக இருந்தால் எண்ணும் ஒன்றாக வரும்.

நாகூர்ப் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதி இதில் போட்டுப் பார்த்தால் வேடிக்கை! ஷாகுலும் சாகுலும் ஒன்றாகி விடுகின்றன. ஆனால் ஹமீதும் அமீதும் ஒன்றாவதில்லை. முதல் எழுத்தே மாறிவிடுகிறதே!

ஆகவே, பெயரை மட்டும் நம்பக்கூடாது. தகப்பனார் அல்லது கணவர் பெயர், பிறந்த தேதி, தெரு, டெலிபோன் எண் ஆகியவற்றையும் ஒப்பிட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் கொடுத்துக் கூட்ட வேண்டும். கம்ப்யூட்டர் திணறும் இடத்தில் மனிதர் நேரில் விசாரித்துத்தான் தீர்க்க வேண்டும்.

ஊரும் மாறுகிறது! 1991 வரை நாகூர் தஞ்சை மாவட்டத்தில் இருந்தது. அந்த ஆண்டு நாகப்பட்டினம் தனி மாவட்டமானது. அதிலிருந்து 1997-ல் திருவாரூரும், 2020-ல் மயிலாடுதுறையும் பிரிந்தன. பழைய கணக்கையும் புதிய கணக்கையும் ஒப்பிடுமுன், எந்த ஊர் எந்த ஆண்டில் எங்கே இருந்தது என்று பார்த்துச் சரிசெய்ய வேண்டும்.

கணக்கு தவறினால்...

2020-ம் ஆண்டு கொரோனாக் காலத்தில், சென்னை மாநகராட்சியின் மரணப் பதிவேட்டையும் மாநில அரசின் பட்டியலையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். விடுபட்டிருந்த 444 மரணங்கள் ஜூலை மாதத்தில் கணக்கில் சேர்க்கப்பட்டன. ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தின் துக்கம். கணக்கில் வராத சாவு, நோயின் வேகத்தை மறைத்துவிடும்.

கணக்கு சரியாக இருந்தால் பலன் உண்டு. 2001-03-ம் ஆண்டுகளில் தமிழ்நாட்டில் ஒரு லட்சம் குழந்தைகள் உயிருடன் பிறந்தால், 134 தாய்மார்கள் இறந்தார்கள். 2018-20-ல் அது 54 ஆகக் குறைந்தது. அப்போது இந்தியா முழுவதற்கும் கணக்கு 97. இந்தப் பெருமை கம்ப்யூட்டருக்கு மட்டும் உரியதல்ல. ஆஸ்பத்திரிப் பிரசவம், ரத்த வங்கி, 108 ஆம்புலன்ஸ், வீடு வீடாக நடந்த நர்சுகள் எல்லோருக்கும் பங்கு உண்டு. ஆனால் எந்தத் தாய்க்கு ஆபத்து என்று முன்கூட்டியே தெரிந்தால்தானே வண்டியும் ரத்தமும் நேரத்துக்குத் தயாராக இருக்கும்?

பூட்டும் சாவியும்

இன்னொரு கடமையும் உண்டு. ஒருவருடைய நோய் ஊராருக்குத் தெரியக்கூடாது. கல்யாணம் தடைப்படலாம், வேலை போகலாம். தனி மனிதர் விவரங்களைக் காக்க இந்தியாவில் 2023-ம் ஆண்டு தனிச் சட்டமே இயற்றப்பட்டது. யார் எதைப் பார்க்கலாம் என்று பூட்டுப் போடுவதும், யார் திறந்து பார்த்தார் என்று குறித்து வைப்பதும் என்ஜினீயரின் பொறுப்பு.

நர்சுகளின் பாரத்தையும் அவர் நினைக்க வேண்டும். ஒரே விவரத்தை நோட்டில் ஒரு முறை, கம்ப்யூட்டரில் இரு முறை என்று எழுதச் சொன்னால், நோயாளியைப் பார்க்க நேரம் ஏது? ஒரு முறை எழுதியது பத்து இடத்துக்குப் பயன்பட வேண்டும். அதுதான் நல்ல என்ஜினீயருக்கு அழகு.

தாய்மார்கள் செய்ய வேண்டியது

எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் பெயரை ஒரே மாதிரி எழுதச் சொல்லுங்கள். முன்பு கொடுத்த எண் இருந்தால் சொல்லுங்கள். புதிதாக ஒன்று வாங்காதீர்கள். டெலிபோன் எண் மாறினால் நர்சிடம் தெரிவியுங்கள். பிரசவத்துக்குத் தாய் வீடு போகும்போது, வளையலோடும் பூவோடும் அந்த 12 இலக்க எண் உள்ள சீட்டையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்!